நின்ற இடத்தில் பிரேக் பிடிக்காத கார்

ஓடாத காரில் பிரேக் பிடிக்காமல் போகுமா?

போகும். திருப்பூர் மண்ணரையில், என் நண்பன் தண்டபாணி பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கண் முன்னாலேயே போனது.

கார் என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான். சக்கரம் கிடையாது. இன்ஜின் கிடையாது. கதவு கிடையாது. துணி ரோல் அடுக்கி வைத்திருந்த பழைய இரும்பு ராக்கைப் பிரித்து, அந்த ஆங்கிள்களையே வெட்டி, போல்ட் போட்டு முடுக்கிய ஒரு சட்டம். அதன் மேல் பழைய இரும்புக் கடையில் எடுத்த கார் சீட். முன்னால் ஸ்டீயரிங், கீழே பெடல்கள், ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் உயரமான கம்பியில் ஒரு டிவி. சட்டத்துக்கு அடியில் நடுநாயகமாக ஒரு பழைய ஜீப்பின் கிராஸ் ஜாயிண்ட், சட்டம் எந்தப் பக்கமும் சாய்வதற்கு. பின்னால் அதைச் சாய்க்க லாரி வைப்பர் மோட்டார்கள், பக்கத்துக்கு ஒன்று.

கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டைப் போட்டுவிட்டு சீட்டில் உட்கார வேண்டும். திரையில் கார் வளைந்தால் சட்டம் மொத்தமும் சாயும். பிரேக் போட்டால் முன்னால் குனியும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் முதுகு சீட்டில் அழுந்தும். உட்கார்ந்திருப்பவருக்கு நிஜமாகவே ரோட்டில் போகிற மாதிரி இருக்கும். மோஷன் சிமுலேட்டர் என்கிறார்கள். ரேஸ் பிரியர்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்கிறார்களாம். தண்டபாணி வீடியோ பார்த்துப் பார்த்தே கட்டிவிட்டான்.

அவனுக்கு என்ன ரேஸ் ஆசையா? அட, அவனுக்குக் கார் ஓட்டவே வராதுங்க. கட்டியது மனைவிக்காக.

வசந்தாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவு மொத்தத்தையும் கவனிக்கிறவர். ஒரு பனியனைக் கையில் எடுத்து இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு... பீஸ் பாஸா, ரிஜெக்டா என்று தீர்ப்பு வந்துவிடும். அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கணவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழனி, வெள்ளகோவில், கோயமுத்தூர் என்று போய் வந்தவர்.

அன்று சீட்டில் ஏறி உட்கார்ந்தார். திரையில் நேரான ரோடு. தூரத்தில் சிவப்பு சிக்னல். வசந்தாமணி பிரேக்கை மிதித்தார்.

பெடல் போனது. பெடலைத் தாங்கிய தகடும் கூடவே போனது. தகட்டைத் தாங்கிய கம்பிகளும் முன்னால் சாய்ந்து வழிவிட்டன. ஸ்டீயரிங் தலையை ஆட்டியது. டிவி, தும்பிக்கையில் காசு வாங்கிய கோயில் யானை மாதிரி மேலும் கீழுமாக ஆடியது.

திரையில் கார் ஒழுங்காக நின்றுவிட்டது. ஆனால் அது அவர் காலுக்குத் தெரியவில்லையே!

அவர் கையை எடுத்தார். மெதுவாக இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தானுங்க உள்ள போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்குள் போய்விட்டார்.

தண்டபாணி என்னைப் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு" என்றால் என்றைக்கு? போன மழைக்காலம். பல்லடம் ரோட்டில் வசந்தாமணி தனியாக வந்துகொண்டிருந்தார். முன்னால் பனியன் மூட்டை ஏற்றிய ஒரு மினி டெம்போ திடீரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். எங்கேயோ பிரேக் ஆயில் ஒழுகியிருக்கிறது, இவருக்கு எப்படித் தெரியும்? பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கார் நேராகப் போய் மூட்டைகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

மூட்டை மூட்டையாகப் பனியன்! யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "திருப்பூர்ல இடிச்சா இப்படித்தான் இடிக்கோணும்" என்று ஒருவர் சொன்னார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லும் வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். இதையும் சேர்த்துக்கொண்டேன். ஆனால் வசந்தாமணி சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிரேக்கைப் புதுசாக மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்து, கல் மாதிரி நிற்கிறது என்றார். ஆனாலும் வசந்தாமணி சாவியைத் தொடவில்லை. ஒரு தடவை தண்டபாணி வற்புறுத்தி ஒரு காலி மைதானத்துக்கு டிரைவர் வைத்து காரைக் கொண்டுபோய், அவரை உட்கார வைத்தான். பிரேக்கில் காலை வைத்ததும் உள்ளங்கை வேர்த்து, ஸ்டீயரிங் வழுக்குகிறது என்று இறங்கிவிட்டார். அன்றிலிருந்து கார் போர்ட்டிகோவில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

இதற்கிடையில் வெள்ளகோவிலில் வசந்தாமணியின் தங்கை புது வீடு கட்டி முடித்தார். புண்ணியார்ச்சனைக்கு, அதாவது கிரகப்பிரவேசத்துக்கு, நாள் குறித்தாகிவிட்டது. "நாம பஸ்லயே போய்க்கலாங்க. வந்ததும் காரை வித்துப்போடுங்க. சும்மா நின்னுட்டிருந்தா எனக்குப் பாக்கவே ஆகறதில்ல" என்று வசந்தாமணி சொல்லிவிட்டார். வாங்குவதற்கு ஓர் ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனார். விசேஷம் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

கார் போனால் போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால், "எனக்கு வராது" என்று ஒருவர் முடிவு கட்டி உட்கார்ந்துவிட்டால் அதை எந்த ஷோரூமில் போய் மாற்றுவது?

அதனால்தான் தண்டபாணி இடிக்கவே முடியாத கார் ஒன்றைக் கட்டினான். அதுவும் முதல் மிதியிலேயே பழைய பயத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

"மாப்ளே, இத எப்படியாச்சும் ஆடாம பண்ணிப்போடோணும்" என்றான்.

யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! நான் எலாஸ்டிக் தறி ஓட்டுகிறவன். இழுத்தால் நீள வேண்டும், விட்டால் சுருங்க வேண்டும். இத்தனை வருஷமாக என் பிழைப்பே அதில்தான். என்னைக் கூப்பிட்டு அசையாத ஒன்றைச் செய்து கொடு என்கிறான். ஆனாலும் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை. இரும்புதானே? நட்டுதானே? ஞாயிற்றுக்கிழமைதானே?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆடுகிற எதைப் பார்த்தாலும் அதன் அடியில் எதையாவது மெத்தென்று வைத்துவிடுவோம். நிட்டிங் மெஷின் அதிர்கிறதா? காலுக்கு ரப்பர் மேட். ஃபேன் கூண்டு கடகடக்கிறதா? வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்டைச் சுருட்டிச் சொருகு. மோட்டார், ஜன்னல், பஸ் சீட்டின் கம்பி... எதில் சத்தம் வந்தாலும் எங்களிடம் இருக்கிற ஒரே மருந்து பனியன் வேஸ்ட்தான்.

அன்றும் அதைத்தான் செய்தோம். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினோம். இரும்பும் இரும்பும் சேருகிற இடத்திலெல்லாம் ரப்பரை வெட்டி வைத்தோம். சந்து தெரிந்த இடத்தில் பனியன் வேஸ்ட். மறுபடியும் முடுக்கினோம். உலுக்கிப் பார்த்தோம்.

சத்தமே இல்லை! கோயில் கருவறை மாதிரி அமைதி.

"பாத்தியா மாப்ளே!" என்றான் தண்டபாணி. நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நான் சீட்டில் ஏறிப் பிரேக்கை மிதித்தேன். தலையணையை மிதித்த மாதிரி இருந்தது.

முன்னைக்கு இப்போது இன்னும் மோசம்! யோசித்தால் காரணம் எளிது. மெஷின் அதிர்வது வேறு, சட்டம் வளைந்து கொடுப்பது வேறு. அதிர்வுக்கு மெத்தை வைக்கலாம். வளைகிறதுக்கு மெத்தை வைத்தால் அது இன்னும் கொஞ்சம் சௌகரியமாக வளையும். நாங்கள் நிறுத்தியது சத்தத்தை மட்டும்தான்.

அடுத்த வாரம் செல்வினைக் கூப்பிட்டோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, தண்டபாணி ஷெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வேலையில் கெட்டி. வாயில் அதைவிடக் கெட்டி. சட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, காலால் ஓர் உதை கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி இது, முருங்கைக்காய கட்டி வச்ச மாதிரில்லா கெடக்கு! நீங்க ஓரமா நில்லுங்க. நான் பத்த வச்சா ஆனை ஏறி ஆடினாலும் அசையாது, பாத்துக்கிடுங்க."

பத்த வைத்தார். அடிச்சட்டத்தில் மூலைக்கு மூலை கனமான தகடு. தகட்டுக்கு மேல் தகடு. அவர் கையில் இருந்த இரும்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் நிறுத்தினார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. மோட்டாரைப் போட்டோம். பாவம், லாரிக் கண்ணாடியைத் துடைக்கப் பிறந்த மோட்டார்... "ஊ...ம்" என்று முனகியது. சட்டம் பாதி சாய்ந்து, போதும் என்று நின்றுவிட்டது.

பிரேக்? அதே தலையணைதான்.

"அதெப்படி?" என்றார் செல்வின், இரும்பையே முறைத்துப் பார்த்து. "அடியில கல்லு மாதிரி இருக்கே."

"அடி கல்லாட்டந்தான் இருக்குது செல்வின். நான் மிதிக்கிறது மேலயல்ல?" என்றான் தண்டபாணி.

"அப்பம் மேலயும் ரெண்டு தகடு சாத்துதேன்."

"மோட்டாரு தூக்கோணுமல்ல!"

"மோட்டார மாத்துங்க அண்ணாச்சி."

"மோட்டார மாத்துனா ஜாயிண்ட்ட மாத்தோணும், ஜாயிண்ட்ட மாத்துனா ஷெட்ட மாத்தோணும்..."

இந்தக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது வசந்தாமணி வாசலில் வந்து நின்றார். கையில் டீ. முகத்தில், செக்கிங் டேபிளில் சேதாரமான பீஸைப் பார்க்கிறபோது வருகிற அந்தப் பார்வை.

"ஏனுங்ணா, எங்க இழுக்குதுன்னு பாத்தீங்களா?"

"ஆடுது அம்மிணி" என்றேன்.

"ஆடுதுன்னு எனக்கும் தெரியுங்ணா. அதுல ஏறி மிதிச்சவளே நான்தானுங்க. எந்த எடத்துல இழுக்குதுன்னு கேட்டேன். பனியனுக்குத் தோள்பட்டையில டேப் வெச்சுத் தைக்கறாங்க... எதுக்குங்க? அந்த எடம் தொங்கும், அதனால. பனியன் பூரா டேப் வெச்சா தைப்பாங்க? நீங்க பண்ணியிருக்கறது அப்படித்தான் இருக்குதுங்க. தோள்பட்டைய உட்டுப்போட்டு இடுப்பச் சுத்தி டேப்பு!"

செல்வின் தன் தகடுகளைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"எப்படிக் கண்டுபிடிக்கறதாம்?" என்று கேட்டான் தண்டபாணி, கொஞ்சம் ரோஷத்தோடு.

வசந்தாமணி டீயை வைத்துவிட்டு சட்டத்தைச் சுற்றி வந்தார். "மூலைக்கு மூலை நூலக் கட்டுங்க. விறைப்பாக் கட்டுங்க. ஒருத்தர் மிதிங்க. எந்த நூல் தொங்குதோ, எந்த நூல் அறுந்து போகுதோ, அங்கதான் இழுப்பு."

எளிமையாகத்தானே இருக்கிறது? ஒரு சதுரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் கோணிக்கொள்கிறது. கோணினால் ஒரு குறுக்கு நீளும், மற்றொன்று குறுகும். நூல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நிட்டிங் ஷெட்டில் நூல் கோனுக்கா பஞ்சம்? நூலுக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டு வாரம் நாங்கள் இரும்பைத் தேடியிருக்கிறோம்.

நான் ஆர்வத்தில் என் பையில் கை விட்டு, கைக்கு வந்த நூலை எடுத்து மளமளவென்று குறுக்கே கட்டிவிட்டேன். தண்டபாணி மிதித்தான். நூல் தொங்கவும் இல்லை, அறுபடவும் இல்லை. விறைப்பாகவே நின்றது.

வசந்தாமணி அந்த நூலைச் சுண்டிப் பார்த்தார். அது "பொய்ங்" என்று நீண்டு திரும்பி வந்தது.

"ஏனுங்ணா... லைக்ராவக் கட்டி இழுப்பு பாக்கறீங்களா?"

எலாஸ்டிக்காரன் பையில் வேறு என்ன நூல் இருக்கும்? அந்தக் கார் மூட்டைக்குள் மூக்கை நுழைத்த நாளிலிருந்து வசந்தாமணி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்று சிரித்தார். நான் பட்ட அவமானம் வீண் போகவில்லை.

காட்டன் நூலைக் கட்டினோம். அடியில், பக்கவாட்டில், பெடல் கம்பியிலிருந்து பின்னுக்கு, ஸ்டீயரிங் கம்பியிலிருந்து கீழே... சட்டம் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. தண்டபாணி ஏறி உட்கார்ந்து, தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி பிரேக்கைத் தொட்டான்.

"அப்படியாங்க பிரேக் புடிப்பாங்க?"

"உடைஞ்சு போச்சுன்னா?"

"உடையறதா இருந்தா இன்னைக்கே உடையட்டும். எந்திரிங்க."

அவனை எழுப்பிவிட்டார். அவரே ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எட்டிக் கீழே நூலைப் பார்த்தபடியே, ஓங்கி ஒரு மிதி.

பட்! பெடல் கம்பியிலிருந்து பின்னால் போன நூல் அறுந்தது. ஸ்டீயரிங் கம்பியின் குறுக்கு நூல் தொய்ந்து தொங்கியது. அடிச்சட்டத்தில், செல்வின் தகடு தகடாகச் சாத்தியிருந்த இடத்தில், ஒரு நூல்கூட இம்மியும் அசையவில்லை.

"என்ற வேலை அசையலல்லா!" என்றார் செல்வின், 'என்னுடைய' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'என்ற'வைக் கடன் வாங்கிக்கொண்டு.

"அது மொதல்லயே அசையலீங்க" என்றார் வசந்தாமணி.

நான் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்த அந்தக் கால். அது இன்னும் பெடலின் மேல்தான் இருந்தது.

தண்டபாணியும் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். சும்மா இரு என்று அர்த்தம். சில விஷயங்களைப் பார்த்ததும் சொல்லிவிட்டால், அவை பறந்துவிடும்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. முதலில் எங்கள் ரப்பர் அத்தனையும் வெளியே. பனியன் வேஸ்ட் ஒரு கூடை வந்தது. இரும்பு இரும்போடு நேரடியாக உட்கார்ந்தது. அகலமான வாஷர் போட்டு முடுக்கினோம். பெடலைத் தாங்கிய ஆங்கிளைத் தூக்கிவிட்டு அங்கே ஸ்கொயர் பைப். ஆங்கிள் ஒரு பக்கம் திறந்த பலகாரப் பெட்டி மாதிரி, முறுக்கினால் முறுகும். நாலு பக்கமும் மூடிய பைப் அவ்வளவு சீக்கிரம் முறுகாது. நூல் அறுந்த இடத்தில், அந்த நூல் போன வழியிலேயே, பெடல் கம்பியிலிருந்து பின்னால் அடிச்சட்டம் வரை சாய்வாக ஒரு பைப்பை வெல்ட் வைத்தார் செல்வின். நூல் தொய்ந்த இடத்திலும் அதேபோல. அவர் முன்பு வைத்த கனத் தகடுகளில் பாதியை அவரே வெட்டி எடுத்தார். "இரும்பு குறைஞ்சுக்கிட்டே போவுது, சட்டம் கெட்டியாயிக்கிட்டே வருது. இது என்ன கணக்கோ!" என்று புலம்பிக்கொண்டேதான் எடுத்தார். டிவியைச் சட்டத்திலிருந்து பிரித்துச் சுவரில் மாட்டினோம். யானைக்கு ஓய்வு.

ஒவ்வொன்றுக்கும் வசந்தாமணி ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

"ரிஜெக்ட்."

செல்வின் முணுமுணுத்தபடி ஒரு போல்ட்டை முடுக்கினார். மறுபடியும் மிதி.

"இப்பச் சித்தப் பரவால்லீங்க. ஆனா வலது பக்கம் இன்னும் இழுக்குது. ரிஜெக்ட்."

"எக்கா, நீங்க கம்பெனியில எத்தன பேர அழ வச்சிருப்பீய!"

"அழறவங்கதானுங்க அடுத்த தடவ ஒழுங்காத் தைக்கறாங்க. அந்த நட்டு எதுக்கு இளிச்சுட்டு நிக்குது? முடுக்குங்க."

மதியத்துக்கு மேல் ஒரு மிதி மிதித்தார். நூல்கள் அப்படியே நின்றன. மறுபடி மிதித்தார். எழுந்து நிற்கிற அளவுக்கு ஊன்றி மிதித்தார். பெடல் தன் எல்லை வரை போய், அங்கே நின்றது. சட்டம் ஒரு முனகல் இல்லாமல் தாங்கியது.

வசந்தாமணி காலை எடுக்கவில்லை. பிரேக்கை மிதித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் வெல்டிங் புகை மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.

"நிக்குதுங்க" என்றார்.

குரல் எங்களுக்காக வந்த மாதிரி இல்லை.

"மோட்டாரப் போடட்டுமா?" என்று தண்டபாணி மெதுவாகக் கேட்டான். பழைய நிட்டிங் மெஷினிலிருந்து எடுத்த சிவப்பு ஸ்டாப் சுவிட்சை அவர் கைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். வசந்தாமணி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "போடுங்க" என்றார்.

சுவரில் ரோடு ஓட ஆரம்பித்தது. சட்டம் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. இப்போது அது கார் சாய்கிற சாய்வாக இருந்தது. ராக் ஆடுகிற ஆட்டமாக இல்லை. கொஞ்ச நேரத்தில் வசந்தாமணியின் தோள் இறங்கியது. அதைவிட நல்ல சகுனம், வாய் திறந்தது.

"இதென்னங்க, எல்லாரும் ராங் சைடுல வாராங்க?"

"வெளிநாட்டு ரோடு வசந்தா. அங்க அப்படித்தான்."

"நம்ம ஊர்லயும் அப்படித்தானுங்க. ஹாரன் எங்கீங்க?"

"ஹாரனெல்லாம் இல்ல."

"ஹாரன் இல்லாம வண்டி ஓட்டச் சொல்றீங்களா? உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?"

ரோட்டில் குறுக்கே ஒரு லாரி வந்தது. வசந்தாமணி "அட கெரகமே!" என்று கத்தியபடி பிரேக்கை மிதித்தார். சட்டம் முன்னால் குனிந்தது. பெடல் பாறை மாதிரி நின்றது. திரையில் லாரிக்குச் சற்று முன்னால் கார் நின்றது. இந்த முறை காலுக்கும் தெரிந்தது.

அவர் இறங்கவில்லை. இன்னொரு சுற்று போனார்.

வீட்டுக்கு வருகிற வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். பயந்தவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லை", "மறந்துட்டு வேலையைப் பாரு", "அதான் யாருக்கும் அடிபடலையே"... எல்லாம் ரப்பர். எல்லாம் பனியன் வேஸ்ட். நல்ல மனதோடுதான் சொருகுகிறோம். சத்தம் நின்றுவிடுகிறது. அவர்களும் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். நாமும் சரியாகிவிட்டது என்று இடுப்பில் கை வைத்துக்கொள்கிறோம். ஆனால் மிதிக்கிற இடம் அப்படியேதான் இருக்கிறது, மெத்தென்று!

எங்கே இழுக்கிறது என்று நூலைக் கட்டிப் பார்க்கிற பொறுமை நமக்கு இருப்பதில்லை. வசந்தாமணிக்கு இருந்தது. தைரியம் சொல்லச் சொல்ல வராத தைரியம், குறை கண்டுபிடிக்க உட்கார்ந்ததும் வந்துவிட்டது. அவரவருக்குத் தெரிந்த வேலையைக் கையில் கொடுத்துவிட்டால், பயம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

சரி, புண்ணியார்ச்சனை?

அன்று காலை நான் போனபோது போர்ட்டிகோவில் காரின் உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. வசந்தாமணி பட்டுச்சேலையோடு டிரைவர் சீட்டில். ஸ்டார்ட் செய்யவில்லை. பிரேக்கை மட்டும் மிதிக்கிறார், விடுகிறார், மிதிக்கிறார். தண்டபாணி வெளியே குனிந்து டயர்களைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அம்மிணி, பாஸா ரிஜெக்டா?"

"இன்னும் செக்கிங்ல இருக்குதுங்ணா. ஏறுங்க, போய்ப் பாத்துரலாம்."

தண்டபாணி முன்னால், நான் பின்னால். கார் கேட்டைத் தாண்டியது. ஊரைத் தாண்டியது. காங்கயம் ரோட்டில் சீராகப் போய்க்கொண்டிருந்தது. வசந்தாமணி ஹாரனை மனசாரப் பயன்படுத்தினார். விளையாட்டில் விட்டுப்போனதையும் சேர்த்து அடித்தார் என்றே நினைக்கிறேன்.

காங்கயத்தைத் தாண்டியதும் முன்னால் ஒரு வண்டி வந்து சேர்ந்தது. மினி டெம்போ. பின்னால் உயர உயரமாக... வேறென்ன, மூட்டைகள்தான்! முந்தவும் முடியவில்லை. எதிரே வரிசையாக லாரிகள். தண்டபாணியின் பின்கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

குறுக்கே ஒரு பைக்காரர் வந்திருப்பார் போல. டெம்போவின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. சட்டென்று நின்றது.

வசந்தாமணி மிதித்தார்.

கார் முன்னால் குனிந்தது. நின்றது. எங்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம், அவ்வளவு இடம்.

டெம்போ கிளம்பியது. வசந்தாமணி கியரைப் போட்டார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஏனுங்க, காரு கேட்டாரே ஒருத்தரு, அவருக்குப் போனப் போட்டு வண்டி குடுக்கறதில்லீங்கன்னு சொல்லிப்போடுங்க. அப்பறம்... காலச் சித்த எடுங்க. அங்க பெடல் இல்லீங்க."

எட்டிப் பார்த்தேன். தண்டபாணி வலது காலால் கீழே கிடந்த ரப்பர் மேட்டை ஊன்றி மிதித்துக்கொண்டிருந்தான், சட்டமே வளைகிற அளவுக்கு.

பின் சீட்டில் நானும் என் காலை மெதுவாக எடுத்துக்கொண்டேன்.